ரெண்டு நாள் லீவு

"இனிமே சனிக்கிழமையும் லீவு!" என்று சங்கச் செயலாளர் அறிவித்ததும் தையல் கூடமே விசிலடித்தது.

பித்தான் தைக்கும் அக்கா மட்டும் தயங்கி எழுந்தாள். "சனிக்கிழமை நான் மட்டும் வேலைக்கு வரலாமா? கூலிகூட வேண்டாம்."

"போராடி வாங்கினதையா வேண்டாங்கறே?" செயலாளர் சிரித்தார். கூடமும் சிரித்தது.

போன வாரம்தான் வேலைக்குச் சேர்ந்த பக்கத்து மெஷின்காரி கேட்டாள்: "ஏன்க்கா, வீட்டுல காலை நீட்டிப் படுக்கக் கசக்குதா?"

"எங்க வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை ஒருநாள் வீட்டுல இருந்தாலே என் உடம்பு ரணமாயிடுதும்மா. இனி ரெண்டு நாள்."

அவள் பதறிப்போனாள். "அடிக்கிறாரா? வாங்கக்கா, செயலாளர்கிட்ட சொல்லுவோம். நாலு பேருக்கு நியாயம் கேக்குற மனுஷன்."

அக்கா அவள் கையை இறுகப் பிடித்து உட்காரவைத்தாள்.

அதற்குள் செயலாளரே மேடையிலிருந்து இறங்கி வந்து, அக்காவின் சாப்பாட்டுப் பையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"கிளம்பு, வீட்டுக்குப் போகலாம்."