படி ஈரம்

வழுக்கி விழுந்த சின்ன மருமகள் மாடிப்படியின் அடியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். முன்னங்கை நடுவில் லேசாக வளைந்து, புசுபுசுவென்று வீங்குகிறது. பெரிய மருமகள் ஒரு தடித்த வாரப் பத்திரிகையை மடித்து, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அணைவாக வைத்து, முறிந்த இடத்தை விட்டு மேலும் கீழும் துண்டால் கட்டுகிறாள். மேல்படிகளில் அவள் ஊற்றிக் கழுவிய சோப்புத் தண்ணீர் ஜன்னல் வெயிலில் இன்னும் பளபளக்கிறது. சின்னவளின் செருப்புச் சத்தம் இறங்கி வந்தது அவள் காதில் விழத்தான் செய்தது. படி ஈரம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நேற்றுச் சண்டை போட்டுவிட்டு இன்று முதலில் வாயைத் திறப்பதா என்ற வீம்பு. இப்போது அந்த வாய் ஓயவே மாட்டேன் என்கிறது. "விரலை அசை பாப்போம். கட்டு இறுக்குதாம்மா? ஆம்புலன்ஸ் இதோ வந்துடும்." நகத்தை அழுத்தி விடுகிறாள். வெளுத்த நகம் மெல்லச் சிவக்கிறது. கட்டு சரியாகத்தான் இருக்கிறது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்த சின்னவள் நிமிர்ந்து பார்க்கிறாள். "வலி கெடக்கட்டும்க்கா. எங்கிட்ட பேசிட்டீங்கல்ல, அது போதும்." பெரியவளின் வாய் மறுபடி அடைத்துக்கொள்கிறது.