வயரின் மறுமுனை

கண்ணாடிப் பெட்டியின் மேல் கடைப் பையன் ஷிஜு இரண்டு மவுஸை எடுத்து வைத்தான். ஒன்றுக்கு வயர் உண்டு, மற்றதற்கு இல்லை.

உலகம்மையின் கண் கடிகாரத்தில் இருந்தது. ஒன்பதரை. பத்து மணிக்குள் புதிய மவுஸ் புருஷன் சிவதாணுவின் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

சேராவிட்டால் மனுஷன் இன்றைக்கும் பட்டினிதான். நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. பக்கத்து வீட்டு மங்கலத்தைக் கட்டிலருகே உட்காரவைத்துவிட்டு இவள் ஆரியசாலைக் கம்ப்யூட்டர் கடைக்கு ஓடி வந்திருக்கிறாள்.

"சேச்சி, வயர் உள்ளத எடுங்க. பாட்டரி மாத்தண்டாம், ஒரு பாடும் இல்ல. கொண்டு போய்க் குத்துனா மதி, அது போரும்," என்றான் ஷிஜு. தமிழில் ஏறி மலையாளத்தில் இறங்குகிற பேச்சு.

விலை கூடினதை இவள் தலையில் கட்டியிருக்கலாம், கட்டவில்லை. அந்த நல்ல மனசுதான் இப்போது பெரிய தொந்தரவாக இருந்தது.

"வயர் வேண்டாம் தம்பி. வீட்டுல இருக்கதும் வயர் உள்ளதுதான். நேத்து அத இழுத்து..."

"பிஞ்சு போச்சா? கொண்டு வாங்க, ஒட்டித் தாறேன்."

பிய்ந்திருந்தால்தான் தேவலையே!

சிவதாணுவுக்குப் பதினைந்து வருஷமாகக் கல்யாணப் பத்திரிகை வேலை, கம்ப்யூட்டரில். உச்சியில் பிள்ளையார், இரண்டு ஓரமும் வாழைமரம், ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். அவர் கைபடாமல் ஆரியசாலையில் ஒரு கல்யாணமாவது நடந்திருக்குமா என்று கேட்பாள் உலகம்மை. கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள். கட்டின புருஷனைப் பற்றிச் சொல்லும்போது கூட்டாமல் எப்படி?

போன சித்திரையில் மனுஷன் வேலை மேசையிலேயே சாய்ந்தார். இடது பக்கம் முழுக்கப் போயிற்று. நினைப்பும் பாதி போயிற்று. தப்பியது வலது கை ஒன்றுதான்.

அந்தக் கை சும்மா கிடக்கவில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கையில் ஆள்காட்டி விரல் ஓயாமல் தட்டிக்கொண்டே இருந்தது. நர்ஸ் பயந்துபோய் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். உலகம்மைக்குத்தான் விஷயம் புரிந்தது. விரல் கிளிக் செய்துகொண்டிருந்தது.

அச்சக முதலாளி ராமசுப்ரமணியன் வந்து பார்த்தார். சிவதாணு இனி வீட்டிலிருந்தே ஜோலி பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து தினமும் பத்து மணிக்கு ஜோலி. மடியில் பலகை, பலகையில் மவுஸ். பத்திரிகைக்கு ஆள் பிடித்துக்கொண்டு வருவது உலகம்மையின் பொறுப்பு. மாப்பிள்ளை பேர், பெண் பேர், தகப்பனார் பேர் என்று அவள் சொல்லச் சொல்ல அவர் அடுக்குவார். முடித்ததும் சொன்ன பேச்சு கேட்டுச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார்.

அந்த இரண்டு மணி நேரம்தான் அவர் பழைய சிவதாணு. அதைத்தான் பாழாய்ப்போன வயர் நேற்றுக் கெடுத்துவிட்டது.

உலகம்மை வயரில்லாத மவுஸைக் கையில் எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"அடியில சிவப்பு லைட்டு இருக்குல்லா. கம்ப்யூட்டர் ஆஃப்ல கெடந்தாலும் அது எரியுமா?"

"பாட்டரி இருந்தா எரியும். ஆனா நாலு மடங்கு விலையாக்கும், சேச்சி."

"இருக்கட்டும்."

இனிப் பேசிப் பயனில்லை என்று ஷிஜுவுக்குத் தெரிந்துவிட்டது. பெட்டியிலிருந்து விரல் நகம் அளவில் ஒன்றை எடுத்துக் காட்டினான். "இது ரிசீவர். இதத்தான் கம்ப்யூட்டர்ல குத்தணும். தொலைச்சீங்கன்னா மவுஸ் வெறும் பிளாஸ்டிக், கேட்டோ."

உலகம்மை மவுஸை மட்டும் பைக்குள் போட்டுக்கொண்டாள். ரிசீவரை அவன் பக்கமே தள்ளி வைத்தாள்.

"வீட்டுல கம்ப்யூட்டர் இல்ல தம்பி."

"பின்ன மவுஸ் எதுக்கு, சேச்சி?" என்றான் ஷிஜு.

"எங்க வீட்டுக்காரருக்கு இப்பம் கண்ணுல வெளிச்சம் மட்டுந்தான் தெரியும். கையில மவுஸ் இருந்தாப் போரும், மத்ததெல்லாம் மனசுக்குள்ள ஓடும். நேத்து வயரப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருந்தாவ. எங்கயும் குத்தாத மறுமுனை கையில வந்துட்டு. 'என்னை ஜோலியிலேருந்து எடுத்தாச்சா, உலகம்மை'ன்னு கேட்டாவ."

கடையில் நின்று அழ நேரமில்லை.

ஷிஜு பையைத் திரும்ப வாங்கி மவுஸில் இரண்டு பாட்டரி போட்டான். உள்ளங்கையில் வைத்து நகர்த்திப் பார்த்தான். கை சிவந்தது.

"எரியுது சேச்சி," என்றான்.

பத்தாக இன்னும் கால் மணி நேரம். அப்போதுதான் உலகம்மைக்கு உறைத்தது, இன்றைக்குக் கல்யாணம் எதுவும் கைவசமில்லை. தெருவில் கல்யாணம் ஆகாதவர்களுக்கெல்லாம் சிவதாணுவின் பத்திரிகையில் நடத்தி முடித்தாயிற்று.

"தம்பிக்குக் கல்யாணம் ஆச்சா?"

"இல்ல சேச்சி."

"தகப்பனார் பேரு?"

"அருமைநாயகம்."

"வேதக்காரங்களா! அப்பம் இன்னிக்குப் பிள்ளையாருக்கு லீவு. சிலுவை போடச் சொல்லுதேன். பொண்ணு பேரு?"

ஷிஜு வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டான். பக்கத்தில் யாருமில்லை.

"ஷீனான்னு போடச் சொல்லுங்க," என்றான் குரலைத் தாழ்த்தி. "ரெண்டு வீட்லயும் இன்னும் தெரியாது."