மகிழ்ச்சி, இரண்டு நிமிடம்

உலக சங்கீத சரித்திரம் இனி இரண்டாகப் பிரிக்கப்படும்: 1964க்கு முன், பின். அந்த வருஷம்தான் பம்பாய் மாதுங்கா அனந்தநாராயணனின் இசை வெள்ளித்திரையில் ஒலித்தது.

படம் கோழி வளர்ப்பு பற்றிய அரசாங்க டாக்குமெண்டரி. ‘சோகம்’, ‘ரயில்’, ‘மகிழ்ச்சி’ என்று அவர் ஒரு கம்பெனிக்கு மொத்தமாக இசை போட்டுக் கொடுப்பார். வேண்டியவர்கள் வாங்கி எந்தப் படத்திலும் ஒட்டிக்கொள்வார்கள். வீட்டில் மட்டும் ‘சினிமாவுக்கு மியூசிக்’ என்று சொல்லி வைத்திருந்தார். மனைவி வாலாம்பாள் பெருமையில் கட்டடத்தையே தியேட்டருக்குக் கூட்டி வந்துவிட்டாள்.

மெயின் படத்துக்கு முன்னால் கோழிகள் வந்தன. கூடவே அவருடைய ‘மகிழ்ச்சி’யும் வந்தது.

“ஏன்னா, இதுவா உங்க சினிமா?”

“கதாநாயகி முட்டை போடறா, கைதட்டும் ஓய்!” என்றார் பக்கத்து வீட்டுக் கிட்டு. வரிசை முழுக்கச் சிரித்தது. அனந்தநாராயணன் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது இசையில் புல்லாங்குழல் ஒலிக்கு அடியில் ஓர் ஆள் விசும்புவது கேட்டது. ஒலிப்பதிவில் அப்படி எதுவும் இருக்கவில்லை.

“ஊர் முன்னாடி அழாதேங்கோன்னா,” என்று வாலாம்பாள் இருட்டில் அவர் கன்னத்தைத் துடைக்கப் போனாள். கன்னம் காய்ந்திருந்தது. வாய் மூடியிருந்தது. குரல் அவருடையதுதான், திரையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

கோழிகள் போயின. இசை நின்றது. விசும்பல் இடைவேளை வரை நிற்கவில்லை.

மெயின் படம் சுமார்தான்.