பாறைமேல் ஒரு கரும்புள்ளி

9 மார்ச் 2061, புதன். இன்று ஒரு சிறிய தவறு செய்தேன். நாட்குறிப்பில் தவற்றைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பார் மாலை வகுப்பு ஆசிரியர். சிறியதுதானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

காசிமேட்டில் கடலை மறைத்துச் சுவர் எழுந்த பிறகு, எங்கள் குடியிருப்பின் ஜன்னல்களில் பழைய கடல்தான் ஓடுகிறது. ஐஸ் ஃபேக்டரி, விசைப்படகுகள், அலையைத் தடுக்கக் கொட்டிய தூண்டில் வளைவுப் பாறைகள். எப்போதோ பதிவான ஒரே நாள், தினமும். படத்தில் விழும் கறைகளைத் துடைப்பது என் வேலை; ஒரு முறை துடைத்தால் ஓடும் ஜன்னல்கள் எல்லாவற்றிலும் அழிந்துவிடும். காலையில் பாறைமேல் ஒரு கரும்புள்ளியைத் துடைத்தேன்.

மதியம் மூன்றாம் வீட்டுத் தேசம்மா அக்கா கூப்பிட்டார்.

"இன்னா பாப்பா, எம் புருஷன எங்க காணோம்? பாறையில குந்தினு வலை பிரிச்சினு இருப்பாரே? அன்னிக்கு சாயங்காலம்தான் கடலுக்குப் போனாரு."

நான் துடைத்தது அவரைத்தான். என்னிடம் வேறு நகல் இல்லை. பதற்றத்தில், கிடைத்த மறுநாள் பதிவை அவர் ஜன்னலில் ஓடவிட்டேன். பாறைமேல் கூட்டம். நடுவில் ஓர் இளம்பெண் கடலையே பார்த்து நின்றாள்.

"அணைச்சிடட்டுமா அக்கா?"

"வேணாம், அது நான்தான்." கண்ணாடியைத் தொட்டார். "இன்னும் படகு வரும்னு நிக்குது பாரு, பைத்தியம்."

ஏழாம் வீடு ஒரு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. ஜன்னலும் அணைந்திருப்பதால் நான் துடைத்தது அங்கே உள்ள நகலை எட்டியிருக்காது. அக்காவின் கணவர் அங்கே இன்னும் பாறைமேல் இருக்கலாம். நாளை காலை ஆறு மணிக்குச் சாவி வாங்கிப் போய்ப் பார்க்க வேண்டும்.