குப்பைத் தொட்டிச் சத்தம்

"போலீஸ்காரன்னா எல்லாரும் ஒண்ணுதான். அதுல இவன் இன்னும் மோசம்!"

சொல்லிக்கொண்டே பாக்குகளை அள்ளிப் பின்னல் பைக்குள் திணித்தாள் நைமே. அந்தப் பைதான் வீட்டில் ஐந்து பிள்ளைகளின் சாப்பாடு.

தெரு முனையில் கான்ஸ்டபிள் கெரெங்கா குப்பைத் தொட்டியைத் தடியால் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தான்.

"ஏய், அழுக்குப் பன்னிங்களா! வரேன்டி! இன்னிக்கு ஒருத்தி கூடையும் மிஞ்சாது!"

போர்ட் மோர்ஸ்பி நகரத் தெருக்களில் பாக்கு விற்கத் தடை. ஊரே வாய் சிவக்க மெல்லும். விற்கிறவள் மட்டும் ஓட வேண்டும்.

அவன் வந்து சேர்வதற்குள் பெண்கள் எல்லாரும் சந்துக்குள் மறைந்துவிட்டார்கள்.

"லவுட்ஸ்பீக்கர் போயாச்சா?" என்று எட்டிப் பார்த்தாள் பக்கத்தில் விற்கும் கோனியோ. கெரெங்காவின் தொண்டைக்கு அவர்கள் வைத்த பெயர் அது.

"போயிட்டான். ஆனா நான் விடப்போறதில்ல. எங்க சர்ச்சு ஜனங்க போற வர்ற தெருவுல என்னைப் பன்னிங்கிறான். புகார் கொடுக்கப் போறேன்."

"விக்கிறதே தப்பு. இதுல புகார் வேறயா, அக்கா?"

"தப்புன்னா அபராதம் போடட்டும். பன்னின்னு சொல்ல அவன் யாரு?"

போனாள். ஸ்டேஷனில் விரட்டினார்கள். மறுநாளும் போனாள். தினமும் போய் வாசலில் உட்கார்ந்தாள். கடைசியில், பல்லெல்லாம் பாக்குக் கறையோடு இருந்த சார்ஜெண்ட் அலுத்துப்போனார்.

"சரிம்மா, அவனை வேற பக்கம் மாத்திடறேன். ஆளை விடு."

திங்கட்கிழமை புதியவர் வந்தார். சத்தமே இல்லை. பின்பக்கச் சந்து வழியாகப் பூனை மாதிரி வந்து நின்றார்.

"வணக்கம்மா. தயவுசெஞ்சு எல்லாத்தையும் வண்டியில ஏத்துங்க."

என்ன மரியாதை! நைமேயின் பாக்குப் பை, கோனியோவின் கூடை, சுண்ணாம்பு டப்பா வரைக்கும் வண்டியில் ஏறின.

கோனியோ தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். "லவுட்ஸ்பீக்கர் இருந்தவரைக்கும் ஒரு பாக்கு போனதில்லையே, அக்கா!"

நைமே தெரு முனைக் குப்பைத் தொட்டியையே பார்த்தாள். அடி வாங்கி வாங்கி ஒரு பக்கம் நசுங்கிப் போயிருந்தது.

"கோனியோ... பிடிக்க வர்றவன் எவனாவது அவ்வளவு தூரத்துலேருந்தே கத்திக்கிட்டு வருவானாடி?"

கோனியோ வாயைப் பிளந்தாள். "ஐயோ! வா, சார்ஜெண்ட்கிட்ட உண்மையைச் சொல்லி..."

"வாயை மூடு! தெரிஞ்சா அந்த மனுஷன் வேலை போயிடும்."

அன்றைக்கே மறுபடி ஸ்டேஷன் படி ஏறினாள். சார்ஜெண்ட் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப என்ன? புதுசா வந்தவரும் பன்னின்னுட்டாரா?"

"இல்லீங்க. அந்தக் கெரெங்காவையே திருப்பி அனுப்புங்க. அனுப்புற வரைக்கும் வாசலை விட்டு எழுந்திருக்க மாட்டேன்."

"அவன்தான் மகா மோசம்னு என் உயிரை வாங்கினியே! இப்ப எதுக்கு அவன்?"

நைமே முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டாள்.

"போலீஸ்காரன்னா எல்லாரும் ஒண்ணுதான், ஐயா. எவன் வந்தா என்ன? அந்த மோசமானவனே வரட்டும்!"