கண்ணாடிக்கு ஒரு திரை

"விரிசல்னு சொன்னாளே, எங்கே விரிசல்? ஒரு கீறல்கூட இல்லை. என் ரெண்டு கண்ணாலயும் பார்த்துட்டு வரேன்."

டான்ஸ் வகுப்பு தொடங்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது. மாடிப்படி ஏறி வந்த மூச்சு அடங்குவதற்குள் ஷீலா விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டாள்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு மாடி ஹால். வாசலில் 'எந்த வயதிலும் ஆடலாம்' என்று போர்டு. மாலையில் குழந்தைகள் பேட்ச், காலையில் பெரியவர்கள் பேட்ச். ஹாலின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடிதான். ஆனால் காலையில் வருகிறவர்கள் பார்ப்பதெல்லாம் அதை மூடித் தொங்கும் பச்சைத் திரையை மட்டும்தான்.

கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது, யார் மேலாவது விழுந்து தொலைக்கப் போகிறது என்று டீச்சர் மஹதி காரணம் சொல்லியிருந்தாள். ஷீலாவும் நம்பியிருந்தாள். மறந்து விட்டுப்போன குடையை எடுக்க நேற்று மாலை வந்தபோதுதான் குட்டு உடைந்தது. திரையைச் சுருட்டி ஓரமாகப் போட்டுவிட்டு, பளபளவென்ற கண்ணாடி முன்னால் குழந்தைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"சின்னப் பசங்கன்னா கண்ணாடி. நமக்குன்னா துணி. ஏன், நாம என்ன இளப்பமா? இதுங்க எப்படி ஆடினா யாருக்கென்னன்னு நினைப்பு."

தையல்காரி கமர் ஜஹான் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயரான ரகுபதி தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், குடிக்காமலே மூடினார்.

"வுடும்மா," என்றார் கடைசியில். "கண்ணாடி இல்லாமலே நல்லாத்தானே ஆடிக்கினு கீறோம்."

"நல்லா ஆடறோம்னு யார் சொன்னா? நாமளே சொல்லிக்கறோம். ஞாயித்துக்கிழமை பெசன்ட் நகர் பீச்சுல அத்தனை ஜனம் முன்னாடி ஆடப்போறோம் சார். கையைத் தூக்கினா எப்படி இருக்கேன்னு எனக்கே தெரியாது. ஊர் பார்த்துச் சிரிக்கறதுக்கு முன்னாடி நான் ஒரு தரம் பார்த்துக்க வேண்டாமா?"

கமர் ஜஹான் துப்பட்டா முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினாள். இந்தக் கூட்டத்தை நம்பி நியாயம் கேட்கக் கிளம்பினோமே என்று ஷீலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'இந்த வயசுல டான்ஸா?' என்று கணவர் அடித்த கிண்டலை எல்லாம் காதில் வாங்காமல், கோட்டூர்புரத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவள் அவள். ஒரு நாளில் அவளுக்கென்று இருப்பதே இந்த ஒரு மணி நேரம்தான். அதிலும் ஏமாற்று வேலையா?

ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு மஹதி உள்ளே வந்தாள்.

"மஹதி, கண்ணாடியில விரிசல் எந்தப் பக்கம்மா இருக்கு?"

மஹதி ஸ்பீக்கரைக் கீழே வைத்தாள். கமர் ஜஹானை ஒரு தரம் பார்த்தாள்.

"விரிசல் இல்லைக்கா. நான் சொன்னது பொய்தான்."

இத்தனை சீக்கிரம் ஒப்புக்கொள்வாள் என்று ஷீலா எதிர்பார்க்கவில்லை. பஸ்ஸில் வரும்போது யோசித்து வைத்திருந்த கேள்விகளெல்லாம் வீணாய்ப் போயின.

"எதுக்கு அந்தப் பொய்?"

"திரையை எடுத்துட்டா பீச்சுக்கு வருவீங்களாக்கா?"

"எடுத்தாத்தான் வருவேன். இல்லேன்னா நான் வரலை, நீங்க போய் ஆடிக்குங்க."

"கண்ணாடியில உங்களைப் பார்த்துக்கிட்டே ஆடுவீங்களா?"

"இது என்ன கேள்வி? அதுக்குத்தானே இவ்வளவு நேரமா தொண்டை வத்தக் கத்தறேன்."

"அப்போ இன்னிக்கே எடுத்துடலாம்" என்று மஹதி சிரித்தாள். கையும் களவுமாகப் பிடிபட்டவளுக்கு இவ்வளவு சந்தோஷம் எதற்கு என்று ஷீலாவுக்கு விளங்கவில்லை. அதற்குள் ரகுபதி ஸ்டூலைப் போட்டு ஏறித் திரையைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

பாட்டு தொடங்கியது. ஷீலா முதல் வரிசையில், நட்டநடுவில் போய் நின்றாள்.

கண்ணாடியில் ஒரு பருத்த அம்மாள் கையை வீசி ஆடினாள். பருமன் பருமன்தான், அதை யாரும் மறைக்க முடியாது. ஆனால் கால் தாளத்துக்குச் சரியாக விழுந்தது. திரும்பும்போது ஒரு மிடுக்குகூட இருந்தது. இடது தோள் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது, அதை அவளே பார்த்துச் சரிசெய்துகொண்டாள். பாட்டு முடிவதற்குள் அந்த அம்மாளை ஷீலாவுக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

வகுப்பு முடிந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டே கமர் ஜஹானிடம் வந்தாள்.

"பார்த்தியா கமர், வாயைத் திறந்து கேட்டாத்தான் கிடைக்குது. நீங்கல்லாம் வாயில கொழுக்கட்டை வச்ச மாதிரி நின்னா எப்படி?"

கமர் ஜஹான் பச்சைத் துணியை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அதை எதுக்கு நீ எடுத்துட்டுப் போறே?"

"தைச்சவ நான்தானேக்கா. இனிமே இங்கே தேவைப்படாது. பிரிச்சா வேற எதுக்காவது ஆகும்."

"இப்பவும் தேவையில்லை, அப்பவும் தேவையில்லை. அப்புறம் எதுக்கு மெனக்கெட்டுத் தைச்சே?"

கமர் ஜஹான் கொஞ்சம் தயங்கினாள். மஹதி இருந்த பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சேர்ந்த முதல் நாள் கண்ணாடியில உங்களைப் பார்த்துட்டு, தலைவலின்னு சொல்லி, கண்ணைத் துடைச்சுக்கிட்டே பாதியில இறங்கிப் போனீங்களேக்கா... நீங்க மறுபடியும் வரணுமேன்னு, எங்களுக்கும் கண்ணாடி வேண்டாம்னு நாங்க எல்லாரும் சேர்ந்துதான் சொன்னோம்."