செவலை தின்ற பை

"ஏலே வேல்ராஜு, என் மாட்டுக்கு மட்டும் ஏதாச்சும் ஆச்சு, உன்னைச் சும்மா விட மாட்டேன்!"

ஐந்தருவி ரோட்டுச் சிப்ஸ் கடை முன்னால் பேராச்சி போட்ட சத்தத்தில், குளிக்க வந்த கூட்டம் மொத்தமும் அருவியை மறந்து இந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

விஷயம் இவ்வளவுதான். வேல்ராஜின் கடை வாசலில் கிடந்த பை ஒன்றை, ஒட்டியிருந்த சிப்ஸ் தூளோடு அவளுடைய செவலைப் பசு விழுங்கிவிட்டது. அதுவோ நிறைசினை. போன வருஷம் பக்கத்து வீட்டு மாடு செத்து, வயிற்றை அறுத்தபோது வந்த பிளாஸ்டிக்கில் ஒரு கல்யாணப் பந்தலே போட்டிருக்கலாம். அதைப் பார்த்ததிலிருந்து பேராச்சிக்குப் பை என்றாலே நடுக்கம்.

"அக்கா, இது பிளாஸ்டிக் இல்லக்கா. மரச்சீனிக் கிழங்கு மாவுல செஞ்சது. பச்சை இலை முத்திரை பாருங்க. மாடு தின்னாலும் சாணியாப் போயிரும்."

"கிழங்குன்னா நீ தின்னு, பாப்போம்!"

கூட்டம் நெருங்கி வந்து சூழ்ந்துகொண்டது.

வேல்ராஜ் கடையில் அடுக்கியிருந்த பைகளில் ஒன்றை உருவினான். கூட்டத்தைப் பார்த்தான். சுருட்டி வாயில் போட்டு, ஒரு சொம்புத் தண்ணீரோடு விழுங்கியே விட்டான். விழி ரெண்டும் வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போயின.

"போதுமாக்கா?"

ஒரே கைதட்டல்.

"ஊருக்கு நல்லது செய்யுதவனைப் பையைத் தின்ன வச்சிட்டியேக்கா, இது அடுக்குமா?" என்றான் டீக்கடை உவைஸ்.

பேராச்சி தலையைக் குனிந்துகொண்டு மாட்டை ஓட்டிப் போனாள்.

மறுநாள் காலையில் செவலை புல்லைத் தொடவில்லை. அசை போடவில்லை. வயிறு மத்தளமாய் உப்பியிருந்தது. 'கிழங்குதானே... அவனே தின்னானே...' என்று வழியெல்லாம் முணுமுணுத்தபடி, பேராச்சி அதை லோடு ஆட்டோவில் ஏற்றித் தென்காசி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

"பையைத் தின்னுட்டுய்யா! வயித்துல கன்னு இருக்கு, காப்பாத்துங்கய்யா!"

கம்பவுண்டர் நிமிர்ந்து பார்த்தார். "ஐந்தருவி ரோட்டுச் சிப்ஸ் கடைப் பையா?"

"ஆமாய்யா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மொதல்ல மாட்டை இறக்குங்க. அந்தக் கடைக்காரரு விடியுமுன்னே வந்துட்டாரு. மனுஷ ஆஸ்பத்திரிக்குப் போனா ஊருக்கே தெரிஞ்சிருமாம். பிளாஸ்டிக்கை வெளியே எடுக்க மாட்டுக்கு என்ன குடுப்பீங்களோ, அதையே எனக்கும் குடுங்கன்னு ஒத்தக்கால்ல நிக்காரு!"